கம்பர்லாந்து ஹவுஸ்: தோல் வணிகத்தில் தொடங்கிய டெல்டா ஊர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில், வரைபடத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டிய அளவுக்குச் சிறிய ஊர் கம்பர்லாந்து ஹவுஸ். விலங்குத் தோல் வணிகம் செய்த ஹட்சன் பே கம்பெனி கடற்கரையை விட்டு மேற்கு உள்நாட்டுக்குள் நுழைந்து கட்டிய முதல் நிரந்தர வணிகக் கொட்டகை இங்கேதான் எழுந்தது. இந்த ஊரைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். சிலவற்றுக்கு நீளமான பதில் தேவைப்பட்டது.

இந்த ஊர் எங்கே இருக்கிறது?

சஸ்காட்செவனின் கிழக்கு ஓரத்தில், மனிடோபா எல்லைக்குப் பக்கத்தில். ராக்கி மலைகளில் பிறந்து புல்வெளிகளைக் கடந்து வரும் சஸ்காட்செவன் ஆறு, வின்னிப்பெக் ஏரியை அடைவதற்கு முன் பல கிளைகளாகப் பிரிந்து, ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டருக்குச் சதுப்பும் ஏரியும் வாய்க்காலுமாகப் பரந்து கிடக்கிறது. டெல்டா என்றதும் நமக்குக் கடலோரம்தான் நினைவுக்கு வரும். இது கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் டெல்டா. வட அமெரிக்காவின் மிகப் பெரிய உள்நாட்டு டெல்டாக்களில் ஒன்று. அதன் நடுவே, கம்பர்லாந்து ஏரிக்குத் தெற்கே, பைன் தீவு எனப்படும் மேட்டு நிலத்தில் ஊர் இருக்கிறது. ஒரு பக்கம் ஆயிரம் பேருக்கும் குறைவான கிராமம். அதை ஒட்டியே கம்பர்லாந்து ஹவுஸ் கிரீ நேஷன் என்ற பூர்வகுடிச் சமூகத்தின் நிலம். நிர்வாகம் இரண்டு, ஆனால் உறவு முறையில் பார்த்தால் ஊர் ஒன்றுதான்.

ஊர் எப்போது தோன்றியது? யார் நிறுவியது?

1774 செப்டம்பர் 3 அன்று சாமுவேல் ஹெர்ன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். அப்போது அவருக்கு வயது 29. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்தான் சிப்பவையன் என்ற பூர்வகுடி மக்களின் தலைவர் மடோனபியின் துணையோடு ஆர்க்டிக் கடல்வரை நடந்தே போய்த் திரும்பியிருந்தார். ஹட்சன் விரிகுடாக் கரையில் இருந்த யார்க் பேக்டரி என்ற தலைமைக் கிடங்கிலிருந்து ஜூன் மாதம் கிளம்பியவர், கோடை முழுவதும் நீர்வழியில் பயணம் செய்து இங்கே வந்து சேர்ந்தார்.

அவர் வந்தது கிரீ மக்களின் படகுகளில். பூர்ச்ச மரப்பட்டையால் செய்யும் கனூ படகுக்கு வேண்டிய பெரிய பட்டை விரிகுடாக் கரையில் கிடைக்காது. கம்பெனி ஆட்களுக்கு அந்தப் படகைக் கட்டவும் தெரியாது, சரியாக ஓட்டவும் தெரியாது. ஆகவே ஊரை 'நிறுவியவர்' ஹெர்ன் என்று பெயர்ப்பலகையில் போட்டுக்கொள்ளலாம். அவரையும் அவருடைய சரக்கையும் சுமந்து வந்து, வழி காட்டி, முதல் குளிர்காலத்தில் இறைச்சி கொண்டுவந்து கொடுத்தவர்களின் பெயர் அந்தப் பலகையில் இல்லை. எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

கம்பெனி 100 ஆண்டுகளாகக் கடற்கரையிலேயே இருந்ததே, திடீரென்று ஏன் உள்ளே வந்தது?

ஹட்சன் பே கம்பெனிக்கு இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸ் 1670 மே 2 அன்று பட்டயம் கொடுத்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்ததைப் போன்ற ஏகபோக உரிமைதான். ஹட்சன் விரிகுடாவில் வந்து கலக்கும் ஆறுகள் பாயும் நிலம் முழுவதும் அதற்கு உரியது என்று எழுதிவிட்டார்கள். அந்த நிலத்தில் வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு வணிகம் சுலபமாக நடந்தது. கம்பெனி கடற்கரைக் கிடங்கில் காத்திருக்கும். கிரீ, அசினிபாயின் மக்கள் தோல்களைப் படகில் ஏற்றிக்கொண்டு வாரக்கணக்கில் பயணம் செய்து வருவார்கள். கப்பலில் வந்த சரக்கை வாங்கிக்கொண்டு திரும்புவார்கள்.

மான்ட்ரியலிலிருந்து வந்த வணிகர்கள் இந்த ஏற்பாட்டைக் குலைத்தார்கள். முதலில் பிரெஞ்சுக்காரர்கள், 1763இல் கனடா பிரிட்டன் கைக்குப் போனபின் ஸ்காட்லாந்து, இங்கிலாந்து வணிகர்கள். ஜோசப் பிராபிஷரும் தாமஸ் பிராபிஷரும் அவர்களில் முக்கியமானவர்கள். இவர்கள் மக்கள் இருக்கும் இடத்துக்கே சரக்கைக் கொண்டுபோனார்கள். வாசலுக்கே வியாபாரி வரும்போது, கடற்கரைவரை யார் துடுப்புப் போடுவார்கள்? 1774இல் ஜோசப் பிராபிஷர் சர்ச்சில் ஆற்று வழியில் உட்கார்ந்து, விரிகுடாவுக்குப் போய்க்கொண்டிருந்த தோல்களை வழியிலேயே மடக்கி வாங்கினார். அதே ஆண்டு ஹெர்ன் உள்நாட்டுக்குள் வந்தது தற்செயல் அல்ல.

அத்தனை பெரிய நிலப்பரப்பில் இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

வரைபடத்தில் சாலைகளை மறந்துவிட்டு, நீரை மட்டும் பார்த்தால் காரணம் புரியும். மேற்கே சஸ்காட்செவன் ஆற்றில் ஏறினால் புல்வெளியும் ராக்கி மலைகளும். வடக்கே ஸ்டர்ஜன்-வியர் ஆற்றில் ஏறி, ஒரு சிறு நிலப்பகுதியில் படகைத் தூக்கிக் கடந்தால் சர்ச்சில் ஆறு. அங்கிருந்து மேலே அத்தபாஸ்கா, ஆற்றில் அணை கட்டி வாழும் பீவர் என்ற விலங்கின் மிகச் சிறந்த தோல் வடக்கே கிடைக்கும் பகுதி. கிழக்கே இறங்கினால் வின்னிப்பெக் ஏரி. அங்கிருந்து ஒரு வழி விரிகுடாவுக்கு, இன்னொரு வழி மான்ட்ரியலுக்கு. ஓடங்கள் மட்டுமே வாகனமாக இருந்த காலத்தில் கண்டத்தின் பாதியை ஒரே இடத்திலிருந்து தொட்டுவிடலாம். கூடவே சதுப்பில் மீன், வாத்து, காட்டுமான் என உணவும் உண்டு.

அப்படியென்றால் 1774க்கு முன் அங்கே யாரும் இல்லையா?

தாராளமாக இருந்தார்கள். சதுப்புநிலக் கிரீ மக்களுக்கு இந்த டெல்டா காலங்காலமாக மீன்பிடிக்கவும் கூடிப் பேசவும் உரிய இடம். வசந்தத்தில் பறவைகள் வரும்போதும் ஸ்டர்ஜன் மீன் முட்டையிட ஏறும்போதும் குடும்பங்கள் கூடும்; குளிர்காலத்தில் சிறு குழுக்களாகப் பிரிந்து வேட்டைக்குப் போகும். இந்த ஆற்றில் பிரெஞ்சுக்காரர்களும் முன்பே கொட்டகை போட்டிருந்தார்கள், அவை நிலைக்கவில்லை.

ஆகவே 'சஸ்காட்செவனின் மிகப் பழமையான நிரந்தரக் குடியிருப்பு' என்று சொல்லும்போது, ஐரோப்பியர் தொடங்கி இடைவிடாமல் தொடர்ந்து வரும் குடியிருப்புகளில் பழையது என்றே கொள்ள வேண்டும். கூடுமிடமாக இருந்த ஓர் ஊருக்குள் ஒரு கடை வந்தது என்பதுதான் உண்மைக்கு நெருக்கமானது.

பீவர் தோலுக்கு ஏன் இவ்வளவு மவுசு?

தொப்பிக்காக. பீவரின் உடம்பில் இரண்டு அடுக்கு மயிர் உண்டு: மேலே முரட்டு மயிர், அடியில் மெல்லிய கம்பளி போன்ற மயிர். அந்த அடிமயிரின் ஒவ்வோர் இழையிலும் நுண்ணிய கொக்கிகள் இருப்பதால், ஈரத்தில் அழுத்தும்போது ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டியான, மழைக்கு அசையாத ஃபெல்ட் துணியாக மாறும். ஐரோப்பாவில் இருந்த பீவர்களை ஏற்கெனவே பெரும்பாலும் வேட்டையாடித் தீர்த்துவிட்டார்கள். எனவே லண்டனிலும் பாரிசிலும் கண்ணியமான மனிதரின் தலையில் உட்காரும் தொப்பிக்கு வட அமெரிக்காவின் குளங்களிலிருந்து தோல் போனது.

புதுத் தோலைவிட, பூர்வகுடிகள் மயிர்ப்பக்கம் உள்ளே இருக்கும்படி அங்கியாகத் தைத்து ஓரிரண்டு குளிர்காலம் உடுத்திய தோல் ஒரு காலத்தில் அதிக விலை போனது. உடுத்த உடுத்த முரட்டு மயிர் உதிர்ந்து, வியர்வையிலும் எண்ணெயிலும் அடிமயிர் பதமாகியிருக்கும். தொப்பித் தொழிலாளிக்குப் பாதி வேலை மிச்சம்.

துப்பாக்கியை நிறுத்தி, அதன் உயரத்துக்குத் தோலை அடுக்கச் சொல்லி ஏமாற்றினார்கள் என்பது உண்மையா?

இது பரவலாகச் சொல்லப்படும் கதை. கம்பெனியின் கணக்கேடுகள் அப்படிச் சொல்லவில்லை. குளிர்காலத்தில் பிடித்த நல்ல பீவர் தோல் ஒன்று ஓர் அலகு. மற்ற எல்லாத் தோலுக்கும், எல்லாச் சரக்குக்கும் அந்த அலகில் விலை நிர்ணயித்திருந்தார்கள். துப்பாக்கிக்கும் அப்படித்தான், அதன் நீளத்தைப் பொறுத்து ஏறத்தாழ பத்து முதல் பதினான்கு தோல் வரை. பூர்வகுடி வணிகர்கள் ஏமாளிகள் அல்லர். கெண்டியின் கனத்தைத் தட்டிப் பார்ப்பார்கள், புகையிலையின் தரத்தை முகர்ந்து பார்ப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் மான்ட்ரியல் ஆட்களிடம் போவார்கள். பேரம் தொடங்கும் முன் புகைக்குழாய் சுற்றிவர வேண்டும், பரிசுகள் கைமாற வேண்டும். அந்த மரியாதை குறைந்தால் வணிகமே நடக்காது.

ஏமாற்று நடக்கவே இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. அளவையில் குறைத்தார்கள், பிராந்தியில் தண்ணீர் கலந்தார்கள். போட்டி முற்றிய காலத்தில் சாராயத்தைத் தாராளமாக ஓடவிட்டார்கள். அதன் கேடு குடும்பங்களின் மேல் விழுந்தது. துப்பாக்கிக் கதையைவிட இதைத்தான் அதிகம் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

கொட்டகையில் யார் யார் இருந்தார்கள்?

ஹட்சன் பே கம்பெனியின் சாதாரண ஊழியர்களில் பெரும்பாலோர் ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஆர்க்னித் தீவுகளைச் சேர்ந்தவர்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கம்பெனியின் வட அமெரிக்க ஊழியர்களில் நால்வரில் மூவர் ஆர்க்னிக்காரர்கள். கம்பெனிக் கப்பல்கள் தண்ணீருக்கும் ஆளுக்கும் கடைசியாக நிற்கும் துறைமுகம் ஆர்க்னியில் உள்ள ஸ்ட்ராம்னெஸ். குளிரும் படகும் பழகிய, குறைந்த கூலிக்குச் சம்மதிக்கிற இளைஞர்கள் அங்கே கிடைத்தார்கள்.

இவர்கள் கிரீ பெண்களோடு குடும்பம் நடத்தினார்கள். லண்டன் இயக்குநர்கள் முதலில் தடுத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. பலித்திருந்தால் கொட்டகை ஒரு குளிர்காலம் தாங்கியிருக்காது. பனிக்காலணியின் வலையைப் பின்னியது பெண்கள். காட்டுமான் தோலைப் பதப்படுத்தி மொக்கசின் என்ற காலணி தைத்ததும், மீன்வலை முடைந்ததும், முயலுக்குக் கண்ணி வைத்ததும், ஸ்புரூஸ் மரத்தின் வேரை நாராகக் கிழித்துப் படகின் பட்டையைத் தைத்ததும் அவர்களே. மொழிபெயர்ப்பாளராகவும், எந்தக் குடும்பம் எங்கே வேட்டையில் இருக்கிறது என்ற தகவலின் ஊற்றாகவும் இருந்தார்கள். சம்பளப் பட்டியலில் அவர்கள் பெயர் அபூர்வம். இந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும், மான்ட்ரியல் வழியாக வந்த பிரெஞ்சு-கனடியப் படகோட்டிகளின் பிள்ளைகளும்தான் ஊரின் மெட்டிஸ் சமூகம். இன்றைக்கும் கிராமத்தில் பெரும்பகுதி அவர்களே.

பெமிக்கன் என்றால் என்ன? இந்த ஊருக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

வணிகத்துக்குத் தோல் எப்படியோ, வணிகரின் வயிற்றுக்குப் பெமிக்கன் அப்படி. காட்டெருமை இறைச்சியை மெல்லிய தகடாக அரிந்து, பந்தலில் தொங்கவிட்டு வெயிலிலும் இலேசான புகையிலும் காய வைப்பார்கள். மொறுமொறுப்பானதும் தோல் விரிப்பில் கொட்டிக் கல்லால் இடித்துத் தூளாக்குவார்கள். காட்டெருமைத் தோலிலேயே, மயிர் வெளியே இருக்கும்படி தைத்த பைக்குள் தூளைப் போட்டு, உருக்கிய கொழுப்பைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கிளறுவார்கள். சில சமயம் காய்ந்த சஸ்காட்டூன் பழமும் சேரும். வாயைத் தைத்து, ஆறுவதற்குள் மிதித்துத் தட்டையாக்கினால் படகில் அடுக்க வசதி. ஒரு பை 90 பவுண்டு, அதாவது சுமார் 41 கிலோ. ஆண்டுக்கணக்கில் கெடாது. சமைக்க நேரமில்லாத, நாள் முழுக்கத் துடுப்புப் போடும் ஆளுக்கு அதைவிடக் கச்சிதமான உணவு கிடையாது.

காட்டெருமை இருந்தது மேற்கே புல்வெளியில். அங்கே குளிர்காலம் முழுவதும் செய்த பெமிக்கனை வசந்தத்தில் ஆற்றோடு கீழே இறக்கி, கம்பர்லாந்து ஹவுஸில் சேமித்தார்கள். வடக்கே அத்தபாஸ்காவுக்குப் போகும் படகுகளும் அங்கிருந்து திரும்பும் படகுகளும் இங்கே நின்று பைகளை ஏற்றிக்கொள்ளும். தோல் வரத்துக் குறைந்த பின்னும் ஊர் முக்கியமாக இருந்ததற்கு இந்த உணவுக் கிடங்கே காரணம்.

1781இல் என்ன நடந்தது?

பெரியம்மை. மெக்சிகோவில் தொடங்கிய கொள்ளைநோய், குதிரை வணிகப் பாதைகள் வழியாகப் புல்வெளிகளில் ஏறி, 1781–82 குளிர்காலத்தில் சஸ்காட்செவன் ஆற்றை வந்தடைந்தது. அப்போது கொட்டகையின் பொறுப்பில் இருந்தவர் ஆர்க்னிக்காரரான வில்லியம் டாமிசன். அவருடைய நாட்குறிப்பில் அந்த மாதங்கள் கூடாரம் கூடாரமாகச் செத்துக் கிடந்தவர்களின் செய்திகளாகவே போகின்றன. தப்பித்து வந்தவர்கள் கொட்டகை வாசலில் விழுந்தார்கள். டாமிசனும் ஆட்களும் அவர்களை உள்ளே கிடத்தி, உணவும் கணப்பும் கொடுத்தார்கள். இறந்தவர்களுக்கு உறைந்த மண்ணில் குழி வெட்டினார்கள். ஐரோப்பிய ஊழியர்களுக்குப் பெரும்பாலும் சிறுவயதிலேயே வந்துபோன நோய் என்பதால் அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எதிர்ப்புச் சக்தி இல்லாத பூர்வகுடிகளில், இந்தப் பகுதியில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

வணிக வரலாறுகள் இதை 'அந்த ஆண்டு தோல் வரத்துச் சரிந்தது' என்ற வரியோடு கடந்துவிடுவதுண்டு. சரிந்தது உண்மைதான்; வேட்டையாட ஆள் இல்லை. ஆனால் இந்த ஊர்க்காரர்களுக்கு அது பாட்டன் பாட்டியரின் சாவு. வழிகளையும் கதைகளையும் மருந்துகளையும் அறிந்த ஒரு தலைமுறை ஒரே குளிர்காலத்தில் போனது. 1819–20 குளிர்காலத்தில் தட்டம்மையும் கக்குவானும் மறுபடி வந்தன.

பிரபலமானவர்கள் யாராவது இங்கே தங்கியிருக்கிறார்களா?

இருவர் கதையைச் சொல்ல வேண்டும். முதலாமவர் டேவிட் தாம்சன். 14 வயதில் கம்பெனியில் சேர்ந்த ஏழைப் பையன். 1788 டிசம்பரில் மேற்கே ஒரு கொட்டகையில் கால் முறிந்து, மாதக்கணக்கில் எழ முடியாமல் கிடந்தார். 1789–90 குளிர்காலத்தில் இங்கே இருந்தபோது, கம்பெனியின் நில அளவையாளர் பிலிப் டர்னரும் வந்து தங்கினார். சூரியனையும் நிலவையும் அளந்து, இருக்கும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைக் கணக்கிடும் வித்தையைத் தாம்சன் அவரிடம் கற்றுக்கொண்டார். அந்தக் காலத்தில்தான் வலது கண்ணில் பார்வையும் போனது. 1790 செப்டம்பரில் டர்னர் அத்தபாஸ்காவுக்குக் கிளம்பியபோது உடல் தேறாத தாம்சனை விட்டுவிட்டு, கம்பெனியின் இன்னொரு இளம் ஊழியரான பீட்டர் பிட்லரை அழைத்துப் போனார். பின்னாளில் ஒற்றைக் கண்ணோடு கண்டத்தின் மேற்குப் பாதியை அளந்து வரைந்தவர் தாம்சன்.

இரண்டாமவர் ஜான் பிராங்க்ளின். ஆர்க்டிக் கரையை ஆராயப் புறப்பட்ட அவருடைய குழு 1819 அக்டோபரில் இங்கே வந்தது. ஜனவரியில் பிராங்க்ளின் பனிக்காலணியில் வடக்கே கிளம்பிவிட, மருத்துவர் ரிச்சர்ட்சனும் இளம் அதிகாரி ராபர்ட் ஹூடும் கோடை வரை தங்கினார்கள். ஹூட் தீட்டிய பறவை, விலங்கு ஓவியங்கள் அந்தக் குளிர்காலத்தின் பயன். அவர் திரும்பி வரவில்லை. அந்தப் பயணத்தில் 11 பேர் இறந்தார்கள், அவரும் ஒருவர்.

இரண்டு கம்பெனிகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தனவாமே?

ஆம். மான்ட்ரியல் வணிகர்கள் ஒன்றுகூடி அமைத்த நார்த் வெஸ்ட் கம்பெனி 1793இல் இங்கேயே எதிர்க்கடை போட்டது. 1821இல் இரண்டும் இணையும்வரை இந்த நிலை. இணைந்தபின் ஆட்குறைப்பு வந்தது, வழி மாறியது, வின்னிப்பெக் ஏரிப் பக்கம் இருந்த நார்வே ஹவுஸ் தலைமை இடமானது. கம்பர்லாந்து ஹவுஸ் இரண்டாம் நிலைக்கு இறங்கியது.

பிறகு ஊர் எப்படி மாறியது? 1870களைப் பற்றி நிறையப் பேசுகிறார்களே?

அந்தப் பத்தாண்டில் மூன்று விஷயங்கள் அடுத்தடுத்து நடந்தன.

முதலாவது அரசியல். கம்பெனி தன் நில உரிமையை 3,00,000 பிரிட்டிஷ் பவுண்டுக்கு விட்டுக்கொடுத்தது. 1870இல் அந்த நிலம் கனடாவோடு சேர்ந்தது. 1876 செப்டம்பரில் கம்பர்லாந்து கிரீ மக்கள், அரசு பூர்வகுடிகளோடு செய்த ஐந்தாம் ஒப்பந்தத்தில் சேர்ந்தார்கள். ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 160 ஏக்கர் நிலம் என்பது அதன் கணக்கு. அதே ஆண்டு மேற்கே ஆறாம் ஒப்பந்தத்தில் கொடுத்தது 640 ஏக்கர். சதுப்பில் வாழ்கிறவர்களுக்கு உழவு நிலம் எதற்கு என்பது அரசின் எண்ணமாக இருந்திருக்கலாம். ஆனால் அவர்களுக்கு உயிரான நீரும் வேட்டைக்காடும் அந்த ஏக்கர் கணக்குக்குள் வரவே இல்லை. பின்னாளில் எழுந்த எல்லாத் தகராறுக்கும் விதை இங்கே இருக்கிறது.

இரண்டாவது நீராவிக் கப்பல். 1874இல் கம்பெனி 'நார்த்கோட்' என்ற துடுப்புச்சக்கரக் கப்பலைச் சஸ்காட்செவன் ஆற்றில் இறக்கியது. படகோட்டிகள் வாரக்கணக்கில் முதுகொடிய இழுத்த சரக்கு, விறகு எரித்து ஓடும் கப்பலில் போகத் தொடங்கியது. அவர்களுடைய கூலி வேலை போனது. 1885இல் மெட்டிஸ் எழுச்சியை அடக்க அரசு இந்தக் கப்பலை பட்டோஷ் போர்முனைக்குக் கொண்டுபோனது. ஆற்றின் குறுக்கே இருந்த தோணிக் கயிற்றை மெட்டிஸ் போராளிகள் தாழ்த்த, அது கப்பலின் புகைபோக்கிகளை வாரிச் சாய்த்தது. அடுத்த ஆண்டு கப்பலைக் கம்பர்லாந்து ஹவுஸில் கரையேற்றிக் கைவிட்டார்கள்.

மூன்றாவது ஆறு. இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. நூற்றாண்டுகளாக வண்டல் படிந்து, ஆற்றுப்படுகை சுற்றுநிலத்தைவிட உயர்ந்துபோயிருந்தது. 1870களின் தொடக்கத்தில் ஊருக்கு மேற்கே ஆறு கரையை உடைத்துக்கொண்டு வடக்கே பாய்ந்தது. பழைய வாய்க்காலில் நீர் குறைந்தது. நீரும் மண்ணும் கம்பர்லாந்து ஏரிக்குள் கொட்டின. நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் சதுப்பு உருமாறியது. தெளிந்த, ஆழமான ஏரி மெல்ல மெல்லத் தூர்ந்து கலங்கலாயிற்று. ஹெர்னைக் கவர்ந்த நீர்ச்சந்தி அதன் பழைய வடிவில் இல்லாமல் போனது.

இரயில் பாதையும் இந்த ஊரைத் தொடவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கே, மனிடோபாவில் உள்ள த பாஸ் ஊருக்கு அது வந்தபோது வணிகம் அங்கே நகர்ந்தது.

அப்படியானால் ஊர் ஏன் அழியவில்லை?

இந்தக் கேள்விக்காகவே இத்தனையும் எழுதினேன். யார்க் பேக்டரி இதைவிடப் பல மடங்கு பெரியது; 1957இல் மூடப்பட்டது, இன்று அங்கே ஊர் இல்லை. கம்பர்லாந்து ஹவுஸ் நின்றது, ஏனென்றால் இங்குள்ளவர்கள் கம்பெனியை நம்பி வாழவில்லை. டெல்டாவை நம்பி வாழ்ந்தார்கள். கம்பெனி அவர்களுக்கு ஒரு கடை மட்டுமே.

பீவர் குறைந்தபின் மஸ்க்ராட் கைகொடுத்தது. எலி இனத்தைச் சேர்ந்த, சதுப்பில் கோரைப்புல் குவித்து வீடு கட்டும் சிறு விலங்கு அது. வசந்தத்தில் பனி இளகும்போது குடும்பம் குடும்பமாகச் சதுப்புக்குப் போய்க் கூடாரம் போடுவார்கள். பீவரை வயிற்றில் கீறித் தோலை விரித்து, வளைத்த வில்லோ குச்சி வளையத்தில் சுற்றிலும் இழுத்துக் கட்டுவார்கள். காய்ந்ததும் வட்டமாக இருக்கும். மஸ்க்ராட்டை அப்படிச் செய்வதில்லை. பின்னங்கால் பக்கம் மட்டும் கீறி, தலையணை உறையைக் கழற்றுவதுபோல் முழுத்தோலையும் உள்வெளியாகத் திருப்பி உருவி, முனை குறுகிய பலகையில் மாட்டி, கொழுப்பைச் சுரண்டிக் காய வைப்பார்கள். இறைச்சி அடுப்புக்குப் போகும். சின்னப் பிள்ளையும் செய்யக்கூடிய வேலை. கடையில் மாவு, தேயிலை, துணிக்கு உடனே பணம்.

1930களின் வறட்சியில் சதுப்புகள் வற்றி மஸ்க்ராட் அருகியபோது, சிறு அணைகள் கட்டி நீரைத் தேக்கி அவற்றை மீட்டார்கள். இந்த ஊரின் பொருளாதாரம் நீரின் உயரத்தைப் பொறுத்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

கம்பெனி என்ன ஆயிற்று?

தன் வடபகுதிக் கடைகளை 1987இல் விற்றுவிட்டது. வாங்கியவர்கள் பிறகு நார்த் வெஸ்ட் கம்பெனி என்ற பழைய போட்டியாளரின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். நகரங்களில் இருந்த ஹட்சன் பே அங்காடிகளும் கடனில் மூழ்கி, 2025 ஜூன் 1 அன்று கடைசிக் கதவுகளை மூடின. 355 ஆண்டுக் கம்பெனி போய்விட்டது. அது போட்ட கொட்டகையைச் சுற்றி இருந்த மக்கள் இருக்கிறார்கள்.

அணைப் பிரச்சினை என்கிறார்களே, அது என்ன?

ஊருக்கு மேலே, ஆற்றில் இ. பி. கேம்பெல் நீர்மின் நிலையம் 1963இல் இயங்கத் தொடங்கியது. 1967இல் இன்னும் மேலே கார்டினர் அணை. அதன்பின் டெல்டாவின் பருவம் தலைகீழானது. முன்பு மலைப்பனி உருகும் கோடையில் வெள்ளம் வரும், சதுப்பின் மூலைமுடுக்கெல்லாம் நிரப்பும். குளிர்காலத்தில் ஆறு தாழ்ந்து ஓடும். இப்போது கோடை நீர் அணைக்குள் நிற்கிறது. மின்தேவை அதிகமுள்ள குளிர்காலத்தில் திறந்துவிடுகிறார்கள். மின்தேவை ஏற இறங்க, ஆற்றின் மட்டமும் ஒரே நாளுக்குள் ஏறி இறங்குகிறது.

குளிர்காலத்தில் மட்டம் ஏறினால் பனித்தளத்தின் மேல் நீர் பொங்கி நிற்கும். அதில் பனிவண்டி ஓட்டுவது ஆபத்து. மஸ்க்ராட்டின் வீடு மூழ்கும் அல்லது உறையும். கோடையில் மட்டம் இறங்கினால் மீன்குஞ்சுகள் குட்டைகளில் சிக்கிச் சாகும். வண்டலும் அணைக்குப் பின்னால் தங்கிவிடுவதால், பசித்த ஆறு தன் படுகையையே அரித்து ஆழமாகிறது. படுகை தாழ்ந்ததும் பக்கத்துச் சதுப்புக்கு நீர் ஏறாது. அங்கே வில்லோப் புதர் மண்டுகிறது. எதிர்ப்பக்கமும் உண்டு: மேலே பெருமழை பெய்து மதகுகள் திறக்கும் ஆண்டுகளில் ஊர் மூழ்கும் அபாயம். 2005இலும் 2013இலும் மக்கள் ஊரைக் காலி செய்ய நேர்ந்தது.

ஊரார் 1976இல் மாகாண மின்வாரியத்தின் மேல் வழக்குத் தொடுத்தார்கள். 1989இல் இழப்பீட்டு உடன்பாடு வந்தது. பணம் வந்தது, பழைய நீரோட்டம் வரவில்லை. 2020இல் மாகாண அரசு கார்டினர் அணையின் நீர்த்தேக்கமான டீஃபன்பேக்கர் ஏரியிலிருந்து 400 கோடி டாலர் செலவில் பெரும் பாசனத் திட்டத்தை அறிவித்தபோது, கீழே இருப்பவர்களுக்கு மிஞ்சும் நீர் இன்னும் குறையுமே என்ற கவலை எழுந்தது. 2021 ஜூனில் கிரீ நேஷன் டெல்டாவின் மேல் தன் இறையாண்மையைப் பிரகடனம் செய்தது. அவர்கள் கேட்பது அணையை இடிக்கச் சொல்லி அல்ல. எப்போது, எவ்வளவு நீரைத் திறப்பது என்பதில் தங்களுக்கும் குரல் வேண்டும் என்கிறார்கள். காவிரியின் கடைமடையைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

நேரில் போய்ப் பார்க்க முடியுமா?

முடியும். 1996இல் பாலம் கட்டப்படும்வரை கோடையில் தோணியிலும் குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேலும்தான் கடக்க வேண்டியிருந்தது. இப்போது 123ஆம் எண் நெடுஞ்சாலையில் நேரே போகலாம். சரளைச் சாலை, மழைக்குப் பின் சேறாகும்.

ஊரில் உள்ள மாகாண வரலாற்றுப் பூங்காவில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, 1890களில் கம்பெனி கட்டிய வெடிமருந்துக் கிடங்கு. மற்றது, நார்த்கோட் கப்பலின் துருப்பிடித்த கொதிகலனும் இயந்திர பாகங்களும். மரமெல்லாம் போய் இரும்பு மட்டும் புல்தரையில் நிற்கிறது. டெல்டாவைப் பார்க்க வேண்டுமென்றால் உள்ளூர் வழிகாட்டியோடு படகில் போங்கள். வாய்க்கால்கள் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறுவதால் பழைய வரைபடத்தை நம்ப முடியாது. வசந்தகாலமும் இலையுதிர் காலத்தின் தொடக்கமும் பறவைகளுக்கு நல்ல பருவம். கிளம்பும் முன் கிராம அலுவலகத்தில் சாலை நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு, எரிபொருளை முன்கூட்டியே நிரப்பிக்கொள்ளுங்கள்.